நான்கு பேர் வரிசையில், பந்து யார் கையில்? பிரவுன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் கணக்கு

இது 2025 ஆகஸ்ட் நிலவரம். அமெரிக்கக் கால்பந்து அணியான கிளீவ்லாந்து பிரவுன்ஸ் போன சீசனில் (2024) ஆடிய 17 ஆட்டங்களில் ஜெயித்தது மூன்றே மூன்று. வரும் செப்டம்பர் 7-ஆம் தேதி சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியோடு 2025 சீசன் தொடங்குகிறது. அதற்கு ஒரு மாதம்கூட இல்லை, இன்னும் குவார்ட்டர்பேக் யாரென்று முடிவாகவில்லை. ஜோ ஃபிளாக்கோ, கென்னி பிக்கெட், டில்லன் கேப்ரியல், ஷெடூர் சாண்டர்ஸ் என நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

அமெரிக்கக் கால்பந்தை அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: தன் அணி தாக்கி ஆடும்போது பந்து முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கிடம்தான். எறிவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, எறிந்தால் யாருக்கு என்பதையெல்லாம் மூன்று விநாடிக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். தாமதித்தால் எதிரணியின் பெரிய உருவங்கள் மேலே வந்து விழும். அதற்குப் பெயர் சாக்.

இந்த அணிக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. சில ஆண்டுகள் களத்திலேயே இல்லாமல் இருந்து 1999-இல் மறுபிறவி எடுத்ததிலிருந்து போன சீசன் முடிய, ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் மட்டும் 40 பேர். இதற்கு ஒரேயடியாக முடிவு கட்டலாம் என்றுதான் 2022-இல் ஹூஸ்டன் அணிக்கு மூன்று முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் (டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுப்பது; அதிகம் தோற்ற அணிக்கு முதல் முறை), மேற்கொண்டு சில வாய்ப்புகளையும் கொடுத்து டெஷான் வாட்சனைக் கொண்டுவந்தார்கள். ஐந்து ஆண்டுக்கு 230 மில்லியன் டாலர், முழுத் தொகைக்கும் உத்தரவாதம். பாலியல் அத்துமீறல் புகார்களின் பேரில் 11 ஆட்டத் தடை, பிறகு தோள்பட்டைக் காயம், பிறகு குதிகால் தசைநாண் அறுந்தது, சிகிச்சைக்குப் பின் அதே தசைநாண் மறுபடியும் அறுந்தது. மூன்று சீசனில் அவர் ஆடியது 19 ஆட்டங்கள். கணக்கு தப்பிவிட்டது என்று உரிமையாளர் ஜிம்மி ஹாஸ்லமே இந்த மார்ச்சில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஆட்டக்காரர்களுக்கு ஓர் அணி ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற சம்பள வரம்பில் அந்தப் பாரம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கடைத்தெருவில் விலை குறைந்த நான்கு பேரை வாங்கி வைத்துப் பார்க்கிறார்கள்.

ஃபிளாக்கோவுக்கு 40 வயது. பால்டிமோர் ரேவன்ஸுக்காக சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தை ஜெயித்து அதன் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கியவர். ஆனால் அது 2013 பிப்ரவரி. கிளீவ்லாந்து அவரை நினைத்து உருகுவதற்குக் காரணம் 2023. நவம்பரில் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தவர், ஐந்து ஆட்டங்களில் நான்கை ஜெயித்து அணியை பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்கு இழுத்துப் போனார். தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் 300 யார்டுக்கு மேல் எறிந்தார். அந்த ஐந்து ஆட்டங்களில் 13 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது). அதே ஐந்தில் எதிரணி கையில் கொடுத்த பந்துகள் எட்டு என்பதை மட்டும் ஊர் மறந்துவிட்டது. பிளேஆஃபில் ஹூஸ்டன் அதை நினைவுபடுத்தியது: அவர் எறிந்த இரண்டு பந்துகளைப் பிடித்துக்கொண்டு நேரே ஓடி இரண்டு டச் டவுன், 45-14 தோல்வி.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்று அவர் எறிந்ததைப் பிடிக்க அமாரி கூப்பர் இருந்தார். ஒரே ஆட்டத்தில் 265 யார்டு எடுத்துக் கொடுத்தார். இன்று அவர் இல்லை. போன ஆண்டு 1,229 யார்டு எடுத்த ஜெர்ரி ஜூடியும், டேவிட் என்ஜோக்குவும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் 2023 அப்படியே திரும்பி வரும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. போன ஆண்டு இண்டியானாபோலிஸில் அவர் தொடங்கிய ஆறு ஆட்டங்களில் வெற்றி இரண்டுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், நால்வரில் கெவின் ஸ்டெஃபான்ஸ்கியின் ஆட்ட முறைக்கு இப்போதே தயாராக இருப்பவர் ஃபிளாக்கோதான். ஓடுபவரிடம் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு, பின்னால் நின்று நீளமாக எறிவது அந்தப் பயிற்சியாளரின் அடிப்படைப் பாடம். ஆறரை அடி உயரமும், இன்னும் தேயாத தோளும் அதற்குப் பொருந்தும். பந்தோடு ஓட மட்டும் அவரால் முடியாது.

பிக்கெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2022-இல் பிட்ஸ்பர்க் முதல் சுற்றில் 20-ஆவதாக எடுத்தது. அங்கே தொடங்கிய 24 ஆட்டங்களில் 14 வெற்றி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் எறிந்த டச் டவுன் மொத்தமே 13. அந்த வெற்றிகள் பெரும்பாலும் தடுப்பாட்டத்தின் தயவு. போன ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் ஜேலன் ஹர்ட்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சூப்பர் பௌல் மோதிரமும் வாங்கிக்கொண்டார். வயது 27, ஏற்கெனவே ஓரளவு தெரிந்த சரக்கு. முகாம் தொடங்கிய சில நாளிலேயே தொடைத்தசை இழுத்துக்கொண்டதால், போட்டியில் முந்த வேண்டிய வாரங்களில் ஓரமாக நிற்கிறார்.

அப்புறம் இரண்டு புதுமுகங்கள். ஒரே டிராஃப்டில் ஒரே அணி இரண்டு குவார்ட்டர்பேக்குகளை எடுப்பது அபூர்வம். மூன்றாம் சுற்றில் 94-ஆவதாக கேப்ரியல், ஐந்தாம் சுற்றில் 144-ஆவதாக சாண்டர்ஸ். வெளியே பெயர் யாருக்குப் பெரியதாக இருந்தாலும், அணி யாரை முதலில் விரும்பியது என்பதற்கு இந்த வரிசையே சாட்சி.

கேப்ரியல் ஹவாய்க்காரர், இடது கைக்காரர், உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் கீழே. கல்லூரியில் மூன்று அணிகளுக்காக 60-க்கும் மேற்பட்ட ஆட்டங்களைத் தொடங்கியவர். கல்லூரி ஆட்டத்தின் உயர்மட்டப் பிரிவு வரலாற்றிலேயே எறிந்தும் ஓடியும் சேர்த்த மொத்த டச் டவுனில் முதலிடம் அவருக்குத்தான். பந்தைச் சீக்கிரம் விடுவார், பதற்றமில்லை. குறை கண்ணுக்கு நேரே தெரிவதுதான்: முன்னால் நிற்கும் ஆறடி ஐந்து அங்குலக்காரர்களுக்கு மேலாக நடுக்களத்தைப் பார்த்து எறிவது அவருக்குச் சிரமம். அவர் இடது கைக்காரர் என்பதால் முதுகுப்பக்கக் காவலும் இடம் மாறும். வலது கைக்காரருக்கு இடதுபக்க டேக்கிள் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று காப்பவர்) செய்யும் வேலை இவருக்கு வலதுபக்கத்தில் நிற்பவர் தலையில் விழும். வயதேறிய, காயங்களோடு காலம் தள்ளும், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இந்த முன்வரிசைக்கு அது சின்ன மாற்றமல்ல.

சாண்டர்ஸ் விஷயத்தில் ஆட்டத்தைவிட அரட்டைதான் அதிகம். முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸின் மகன்; முதல் சுற்றிலேயே போவார் என்று பேசப்பட்டவர் 144 வரை காத்திருந்தார். அதை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்கலாம். கொலராடோவில் போன ஆண்டு எறிந்ததில் 74 சதவீதம் போய்ச் சேர்ந்தது; 37 டச் டவுன், 10 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிவுகள்). குறி வைத்த இடத்தில் பந்தைக் கொண்டுபோய் வைப்பதில் நால்வரில் இவரை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். ஆனால் அங்கே இரண்டு ஆண்டுகளில் 90-க்கும் மேற்பட்ட சாக். முன்வரிசை பலவீனம் என்பது பாதி உண்மை. யாராவது நெருங்கினால் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து போவதும், பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்பதும் அவருடைய பழக்கம். கல்லூரியில் தப்பித்தது, இங்கே பிழைக்காது.

ஆகஸ்ட் 8-இல் கரோலினா பாந்தர்ஸுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில், பிக்கெட்டுக்கும் கேப்ரியலுக்கும் தொடைக்காயம் என்பதால் வாய்ப்பு இவருக்கு வந்தது. எறிந்த 23-இல் 14 போய்ச் சேர்ந்தது, 138 யார்டு, இரண்டு டச் டவுன், 30-10 வெற்றி. நிதானமாக ஆடினார், சந்தோஷம். எதிரே நின்றவர்களில் பலர் செப்டம்பரில் அணியில் இருக்கவே மாட்டார்கள் என்பதையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். யார் முதலில், யார் அடுத்து என்று அந்த ஆட்டத்துக்கு முன் அணி வெளியிட்ட முதல் பட்டியலில் சாண்டர்ஸின் இடம் நான்காவது.

சரி, யாரை இறக்குவது? நால்வரில் யார் நன்றாக எறிகிறார் என்பதைவிட, இந்த சீசனை எதற்காக ஆடுகிறோம் என்பதை அணி முதலில் முடிவு செய்ய வேண்டும். 2025 டிராஃப்டில் இரண்டாவது இடத்தை ஜாக்சன்வில் அணியிடம் விட்டுக்கொடுத்ததால், 2026-இல் பிரவுன்ஸ் கையில் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகள். அவற்றைச் சேர்த்துக் கொடுத்தாவது ஒரு நிஜமான குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கலாம். பிடிக்க வேண்டுமா என்று தெரிய, கேப்ரியலும் சாண்டர்ஸும் எப்படிப்பட்டவர்கள் என்று நிஜ ஆட்டத்தில் பார்த்திருக்க வேண்டும். ஃபிளாக்கோ 17 ஆட்டமும் ஆடி ஏழு ஜெயித்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. டிராஃப்ட் வரிசையிலும் பின்னால் தள்ளப்படுவார்கள். ஆனால் பிப்ரவரியில் வேறு அணிக்குப் போகிறேன் என்று கேட்டுவிட்டு, ஆண்டுக்கு 40 மில்லியன் டாலருக்குத் தங்கிய தடுப்பாட்ட நட்சத்திரம் மைல்ஸ் காரெட்டிடம், இது பரிசோதனை ஆண்டு என்று யார் போய்ச் சொல்வது?

ஆட்ட அட்டவணையைப் பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. பெங்கால்ஸ், ரேவன்ஸ், பாக்கர்ஸ், லயன்ஸ், லண்டனில் வைக்கிங்ஸ், பிறகு ஸ்டீலர்ஸ். முதல் ஆறு எதிரணிகளில் ஐந்து, போன ஆண்டு பிளேஆஃப் ஆடியவை. அந்த ஆறு வாரத்தில் ஒரு புதுமுகத்தை இறக்கினால் அவருக்குத் திறமை இருக்கிறதா என்று தெரியாது, அடி தாங்குவாரா என்றுதான் தெரியும். அந்த அடிகளை ஃபிளாக்கோ வாங்கட்டும். நடுவில் வரும் ஓய்வு வாரத்துக்குப் பிறகு ஒன்பது ஆட்டங்கள் மிச்சம் இருக்கும். இளையவர்கள் இருவருக்கும் தொடர்ச்சியாக நான்கு ஆட்டங்களாவது கொடுத்துப் பார்க்கலாம். ஒரு ஆட்டம் சரியில்லை என்று மறு வாரமே மாற்றினால் 40 என்ற கணக்கு கூடுமே தவிர வேறொன்றும் நடக்காது. முதல் வாய்ப்பை நான் கேப்ரியலுக்குத்தான் கொடுப்பேன். சாண்டர்ஸ் அதற்குள் பயிற்சியில் பந்தைச் சீக்கிரம் விடப் பழகிக்கொள்ளட்டும்.

பிக்கெட்டுக்கு இதில் இடமே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் அணியை 53 பேராகக் குறைத்தாக வேண்டும். அதில் குவார்ட்டர்பேக்குக்கே நான்கு இடம் ஒதுக்குவது வீண். எங்காவது மாற்று குவார்ட்டர்பேக்குக்குக் காயம்பட்டு ஆள் தேடும் அணி இருக்கும், கேட்டால் கொடுத்துவிடலாம்.