எச்.டி.யா, எம்.பி.யா, பிளைவுட்டா? ஏற்றுமதிச் சரக்கின் அடிக்கட்டை பற்றி ஓர் அலசல்

"பம்புக்கு ஒரு கேள்வியும் இல்லீங்ண்ணா, அடியில கெடக்குற கட்டைக்குத்தான் ஆயிரம் கேள்வி கேக்குறாங்க." கோவையில் பம்ப்செட் செய்து முதல் தடவையாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும் தம்பி ஒருவர் இப்படி அலுத்துக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. பம்புக்குள் பூச்சி குடியிருக்காது, கட்டைக்குள் இருக்கும்.

1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மரங்களைத் துளைக்கும் ஆசிய நீள்கொம்பு வண்டைக் கண்டுபிடித்தார்கள். சீனாவிலிருந்து வந்த பாக்கிங் மரத்தில் ஏறிவந்த விருந்தாளி அது. அதை ஒழிக்க ஆயிரக்கணக்கில் மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. வட அமெரிக்காவின் பைன் மர நூற்புழு ஜப்பானின் பைன் காடுகளைக் காயவைத்துவிட்டு, 1999இல் போர்ச்சுகலிலும் தலைகாட்டியது. நமக்கும் இந்த வலி தெரியாததில்லை. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி, 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ என்று இரண்டையும் பார்த்தவர்கள்தானே நாம். அவை பாக்கிங் மரத்தில் வந்தவை என்று சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து ஒரு பூச்சி வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று பொள்ளாச்சித் தோப்புக்காரரிடம் கேட்டால் சொல்வார்.

இதற்காகத்தான் 2002இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி வந்தது. 6 மில்லிமீட்டரை விடத் தடிமனான பச்சை மரம், அதாவது அறுத்தபடியே பயன்படுத்தும் மரம், பேலட்டாகவோ (சரக்கை மேலே அடுக்கி ஏற்றும் அடித்தட்டு) பெட்டியாகவோ நாடு தாண்டினால் அதைப் பக்குவம் செய்து முத்திரை குத்தியிருக்க வேண்டும். கோதுமைக் கதிர் படம், இந்தியாவுக்கான ஐ.என். எழுத்துகள், பக்குவம் செய்த கூடத்தின் எண், கடைசியில் எச்.டி. அல்லது எம்.பி. நம்மவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அந்தக் கடைசி இரண்டு எழுத்தில்தான்.

எச்.டி. என்றால் சூடு. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் ஏறி, இடைவெளி இல்லாமல் 30 நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். சூளையின் காற்று 56 டிகிரி ஆகிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போதாது. ஒழுங்கான கூடத்தில் இருப்பதிலேயே தடித்த கட்டையைத் தேர்ந்தெடுத்து, நடுவில் துளை போட்டு, வெப்பம் அளக்கும் கம்பியைச் செருகியிருப்பார்கள். எண்ணத் தொடங்குவது அந்தக் கம்பி 56ஐத் தொட்ட பிறகுதான். நச்சுவாயு மிச்சம் இல்லை. கட்டை எவ்வளவு தடிமனானாலும் பரவாயில்லை, நேரம்தான் கூடும்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பேலட் விற்பவர் தானாகச் சொல்லமாட்டார். எச்.டி. செய்தால் பூச்சி சாகும், மரம் காயாது. உலர்த்துவது தனி வேலை, அதற்குச் சூளையில் நாள்கணக்கில் கிடக்க வேண்டும். ஒரு ஐப்பசி மாதம், முத்திரை பளிச்சென்று இருந்த ரப்பர் மரப் பேலட்டுகளை வாங்கி அப்படியே ஏற்றிவிட்டேன். கையில் பிடித்தாலே ஈரம் தெரிந்தது, தெரிந்தும் ஏற்றினேன். அந்தப் பக்கம் கன்டெய்னரைத் திறந்து அனுப்பிய படத்தில் கட்டை முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை, அட்டைப் பெட்டிகளின் அடி நனைந்து தொய்ந்திருந்தது. அடைத்த கன்டெய்னருக்குள் பகல் சூட்டில் மரம் ஈரத்தைக் கக்கும், இரவில் அது கூரையில் வியர்த்துச் சரக்கின் மேலேயே சொட்டும். முத்திரையில் ஒரு குறையும் இல்லை, பணம்தான் போயிற்று. அன்றிலிருந்து ஈரமானி இல்லாமல் பேலட் வாங்குவதில்லை. 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

எம்.பி. என்பது மீத்தைல் புரோமைடு வாயு. மரத்தை அடுக்கி, வாயு புகாத தார்ப்பாயால் மூடி, விளிம்பெல்லாம் நீளமான மணல் பைகளை வைத்து அழுத்தி, வாயுவை உள்ளே விடுவார்கள். 21 டிகிரிக்கு மேல் இருக்கும் நம் ஊர் வெப்பத்தில் கனமீட்டருக்கு 48 கிராம் அளவில் தொடங்கி, குறைந்தது 24 மணி நேரம். சும்மா அடைத்து வைத்தால் ஆகாது, இடையிடையே அளந்து, கடைசியிலும் 24 கிராமுக்குக் குறையாமல் வாயு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதன் பெரிய வசதி, சூளையைத் தேடி மரம் போகவேண்டாம் என்பதுதான். ஃபூமிகேஷன் ஆட்கள் நம் இடத்துக்கே வருவார்கள். முத்திரை இல்லாத பெட்டியில் சரக்கைக் கட்டி முடித்துவிட்டு, கப்பலுக்கு மூன்று நாள் இருக்கும்போது விழித்துக்கொள்பவருக்கு இதுதான் கதி.

அந்த அவசரத்தில்தான் கோட்டை விடுவோம். பேலட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிவிட்டு அப்புறம் வாயு விட்டால், அது மரத்தைத் தொடவே தொடாது. மரத்தின் குறுகிய பக்கமே 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் எம்.பி. செல்லாது, வாயு நடுவரை போகாது. கனரக இயந்திரங்களுக்கு அடியில் வைக்கும் பெரிய கட்டைகள் இதில்தான் மாட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல்காரர்களுக்கு இன்னொரு தலைவலி. தோல், ரப்பர், கம்பளி மாதிரி கந்தகம் உள்ள பொருளோடு இந்த வாயு சேர்ந்தால் குமட்டுகிற நாற்றம் ஏறும், எத்தனை நாள் காற்றாட வைத்தாலும் போகாது. பேலட்டுக்காகக் கன்டெய்னர் முழுவதற்கும் வாயு விட்டு, உள்ளே இருக்கும் செருப்பைப் பாழாக்குவதைப் போன்ற வேலை வேறில்லை.

இது போக ஓசோன் விவகாரம், இந்த வாயு ஓசோன் படலத்தை அரிக்கும். மான்ட்ரியல் உடன்பாட்டின்படி மற்ற பயன்பாடுகளுக்கு இந்த வாயுவை வளர்ந்த நாடுகள் 2005க்குள்ளும் நம்மைப் போன்ற நாடுகள் 2015க்குள்ளும் நிறுத்த வேண்டியிருந்தது. சரக்கோடு பூச்சி நாடு தாண்டாமல் தடுப்பதற்கு மட்டும் விலக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் 2010லேயே கையைக் கழுவிவிட்டது. எம்.பி. முத்திரையோடு வரும் பேலட்டை விதி தடுக்கவில்லைதான், ஆனாலும் அங்கே பையர்கள் முகம் சுளிப்பார்கள். (பழைய பேலட்டை வாங்கி சோபாவும் ஊஞ்சலும் செய்பவர்கள் இந்த இரண்டு எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். எனக்கென்றால் எம்.பி. பலகையை வீட்டுக்குள் விட மனமில்லை.)

மூன்றாவது வழி, பச்சை மரமே வேண்டாம் என்பது. பிளைவுட் பசை, சூடு, அழுத்தம் மூன்றும் பட்டு உருவாவதால் அதற்கு முத்திரையே தேவையில்லை. எடையும் குறைவு. ஆனால் "பிளைவுட் பேலட்" என்று விற்பதைக் கவிழ்த்துப் பாருங்கள். மேல்தட்டு பிளைவுட்டாக இருக்கும், அடியில் ஒன்பது குட்டைக் கட்டைகள் அறுத்த மரமாக இருக்கும். அந்த ஒன்பதுக்கும் விதி பொருந்தும். கட்டையும் அழுத்திய மரத்தூளில் செய்ததா என்று கேட்டு வாங்கவேண்டும். பிளாஸ்டிக் பேலட் சுத்தம், கழுவலாம், உணவுப் பொருளுக்கு அருமை. திரும்பி வராத ஒருவழிப் பயணத்துக்கு அந்த விலை கட்டாது என்பதோடு என் பேச்சு முடிந்தது.

சரி, எதை எடுப்பது? பம்ப், வார்ப்பு, இயந்திரம் என்று கனமான சரக்குக்கு நான் எச்.டி. பக்கம்தான், அதுவும் உலர்த்திய எச்.டி. விலை கொஞ்சம் கூடத்தான், அந்த ஐப்பசிக்குப் பிறகு நான் பேரம் பேசுவதில்லை. தோல், பின்னலாடை மாதிரி எடை குறைந்ததற்கு முழு பிளைவுட். எம்.பி.யை ஆபத்துக்கு உதவும் உறவுக்காரர் மாதிரி வைத்துக்கொள்ளலாம், தினம் அவர் வீட்டில் சாப்பிட முடியாது.

எதை எடுத்தாலும் ஒன்று பொது: சூடோ வாயுவோ அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சியைத்தான் கொல்லும், நாளைக்கு வருவதைத் தடுக்காது. முத்திரைக்குக் காலாவதித் தேதி கிடையாது, மரத்துக்கு உண்டு. எச்.டி. பேலட்டை மரப்பட்டறையின் உளுத்த பலகைக் குவியலுக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் போட்டுவைத்தால் அதன் அடியிலும் மாவு கொட்டத் தொடங்கும்.

அப்புறம் கன்டெய்னர். நம் பக்கத்துப் பூச்சியான கப்ரா வண்டின் புழு, தரைப்பலகை இடுக்கில் பழைய தானியத் துகளோடு பதுங்கி, தீனி இல்லாமலே வருடக்கணக்கில் கிடக்கும். 2020இல் ஆஸ்திரேலியாவில் இறக்குமதியான ஒரு ஃபிரிட்ஜுக்குள் கூட அது கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த நாடு கன்டெய்னர்கள் மீதே கெடுபிடியை ஏற்றிவிட்டது. காலி கன்டெய்னர் வந்ததும் டார்ச்சோடு உள்ளே போய், ஓர இடுக்குகளைத் தட்டையான கத்தியால் கீறிப் பார்ப்பது பத்து நிமிட வேலை. அரிசியோ தவிடோ உதிர்ந்தால் நான் அந்தப் பெட்டியை எடுப்பதில்லை.

அந்தத் தம்பியின் சரக்கு ஏறும் அன்றைக்கு நானும் போயிருந்தேன். பேலட் எல்லாம் உலர்த்திய எச்.டி., முத்திரை இரண்டு பக்கமும் தெளிவு. பம்ப் நகராமல் இருக்க லோடுமேன் தரையில் அடித்துக்கொண்டிருந்த ஆப்புகளைக் குனிந்து பார்த்தேன். மூன்று ஆப்பு, பக்கத்து அறுவை மில்லில் பொறுக்கி வந்த மாங்கட்டை, ஒன்றில் பட்டை கூட உரியவில்லை. முட்டுக் கொடுக்கும் கட்டைக்கும் அதே விதிதான்.

"ஏனுங்ண்ணா, இத்தனூண்டு கட்டைக்குமா?" என்றார்.

"இதுதான் தம்பி நமக்கு ஆப்பு" என்றேன். முத்திரை உள்ள கட்டை வந்து சேரும் வரை டிரைவருக்கு இரண்டு டீ ஆயிற்று.