சைக்கிளின் பி.பி. (பாட்டம் பிராக்கெட், பெடல் கைகள் சுழலும் நடுப்பகுதி) அச்சு: குண்டுகளை மாற்றுவதா, கார்ட்ரிட்ஜ் பொருத்துவதா?

இரு கிராங்குகளையும் (பெடல் கைகளையும்) பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது இரண்டும் சேர்ந்து ஆடினால் தேய்ந்திருப்பது பி.பி. பகுதியே, ஒன்று மட்டும் ஆடினால் அதன் போல்ட்டையோ, கிராங்கை அச்சில் பிடித்து வைக்கும் ஆப்பான கோட்டர் பின்னையோ முதலில் பாருங்கள்.

அச்சின் இருபுறமும் கிண்ணங்களுக்குள் தனிக் குண்டுகள் உருளும் பழைய கிண்ண அமைப்பில், வழக்கமாகப் பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டுகளையும் கிரீஸையும் மாற்றினால் குறைந்த செலவில் வேலை முடியும். ஆனால் அச்சிலோ கிண்ணத்திலோ குழி விழுந்திருந்தால் புதுக் குண்டுகளும் விரைவில் கெடும், கிண்ணத்தை இறுக்கும் அளவோ கைப்பழக்கத்தால்தான் வரும். அச்சும் பேரிங்கும் ஒரே உறைக்குள் அடைத்து வரும் கார்ட்ரிட்ஜில் அந்தச் சரிசெய்தல் இல்லை, மழைநீரும் எளிதில் புகாது. ஆயினும் தேய்ந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும்; கோட்டர் பின் கிராங்குக்கு அது பொதுவாகப் பொருந்தாது. மழையிலும் நாள்தோறும் ஓட்டுவோருக்கு நான் கார்ட்ரிட்ஜையே பரிந்துரைப்பேன்.

எதுவானாலும், ஆங்கில மரை (வலப்பக்கம் எதிர்ச்சுற்றில் அமைந்த மரை வகை) கொண்ட சட்டத்தில் வலப்பக்கக் கிண்ணத்தைக் கடிகாரச் சுற்றில் திருப்பியே கழற்ற வேண்டும். எதிர்த்திசையில் வலிந்து திருகினால் சட்டத்தின் மரையே பாழாகும்.