வாடகைத்தாய் ஏஜென்சிகளின் சம்பள பேக்கேஜ்: எங்கே சறுக்குகிறது

கூலி வாங்கும் வாடகைத்தாய் முறைக்குச் சட்ட அனுமதி உள்ள நாடுகளில், கருப்பையில் கரு வைப்பதற்கு முன்பே முழுத் தொகையையும் எஸ்க்ரோ கணக்கில் (மூன்றாம் தரப்பு பொறுப்பில் வைத்திருக்கும் கணக்கு) போடச் சொல்லும் ஏஜென்சியை நம்பலாம். குழந்தை கேட்ட பெற்றோர் நடுவில் கைவிரித்தாலும் சுமப்பவருக்குத் தவணை நிற்காது.

ஆனால் பல ஒப்பந்தங்களில் மாதத் தவணை, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்த பிறகுதான் தொடங்குகிறது. கரு வைத்து ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிவிடும். அதற்குள் தினமும் இடுப்புத் தசையில் புரொஜெஸ்டிரோன் (கரு ஒட்டி நிற்க உதவும் ஹார்மோன்) ஊசி; எண்ணெய் மருந்து என்பதால் குத்திய இடம் கட்டிக்கொள்ளும். கரு ஒட்டாவிட்டால் இந்த வலிக்குக் காசில்லை என்பது அநியாயம். ஊசி தொடங்கும்போதும் கரு வைக்கும்போதும் தனித்தனித் தொகை எழுதச் சொல்லுங்கள்.

சிசேரியன், இரட்டைக் குழந்தை, படுக்கை ஓய்வில் இழக்கும் கூலி, ஆயுள் காப்பீடு, சுமப்பவருக்கென்று தனி வக்கீல் எல்லாம் பேக்கேஜிலேயே இருக்க வேண்டும். கூலி உடல் உழைப்புக்குத்தான், குழந்தைக்கு விலை அல்ல. "குழந்தையை ஒப்படைத்தால் மட்டுமே பாக்கி" என்று ஒரு வரி இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.