வாகோ 221 கனெக்டர்: திருகாணி இல்லாத ஒயர் இணைப்பு

வீட்டு ஒயரிங்கில் இரண்டு மூன்று ஒயர்களை ஓரிடத்தில் சேர்க்க வேண்டிவந்தால், முனைகளை முறுக்கி அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவதே நம் ஊரில் பரவலான வழக்கம். சற்றுக் கவனமுள்ளவர்கள் திருகாணி வைத்த கனெக்டர் பட்டையில் வேண்டிய அளவு வெட்டிப் போடுவார்கள். இவ்விரண்டுக்கும் மாற்றாக வந்திருப்பது, ஜெர்மனியின் மிண்டன் நகரில் 1951-இல் தொடங்கப்பட்ட வாகோ நிறுவனத்தின் 221 வரிசைக் கனெக்டர். இரண்டு, மூன்று, ஐந்து ஒயர்களுக்கான வகைகளில் கிடைக்கும் இதை வீட்டு விளக்கு இணைப்புகளில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

திருகாணி இணைப்பின் குறை முதல் நாளில் தெரியாது. மின்சாரம் ஓடும்போது செம்பு சூடேறி விரிகிறது, நின்றதும் சுருங்குகிறது. திருகாணியின் அடியில் நசுங்கிய மெல்லிய இழைகள் நாளடைவில் இடம் கொடுத்துவிட, அழுத்தம் குறைந்து, தொடுமிடத்தில் மின்தடை கூடி, அதனால் சூடு மேலும் ஏறி, கடைசியில் பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது. வாகோவில் ஒயரைப் பிடித்திருப்பது எஃகுத் தகட்டால் ஆன ஒரு வில் (ஸ்பிரிங்). வெள்ளீயம் பூசிய செம்புப் பட்டையோடு ஒயரை அது இடைவிடாமல் அழுத்துவதால், ஒயர் சிறிது சுருங்கினாலும் வில் கூடவே நகர்ந்து பிடியை விடாமல் வைத்திருக்கிறது. ஆரஞ்சு நிற நெம்புகோல் ஒயரை இறுக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வில்லைத் திறந்து மூடுவதற்கு மட்டுமே. ஆகவே பிடியின் வலு கைப்பழக்கத்தைச் சார்ந்ததல்ல: தேர்ந்த எலக்ட்ரீஷியன் மூடினாலும், புதிதாகத் தொழில் பழகுபவர் மூடினாலும் அழுத்தம் ஒன்றுதான். ஒயரின் மேலுறையை 11 மில்லிமீட்டர் சீவுவது மட்டுமே கையின் பொறுப்பு. அதுவும் சரியாக உள்ளே போயிருக்கிறதா என்பதைக் கண்ணாடி போன்ற உடலின் வழியே பார்த்துவிடலாம். இதற்கு முந்தைய 222 வரிசையின் சாம்பல் நிற உடலில் இந்த வசதி இல்லை.

ஃபால்ஸ் சீலிங் விளக்குகளுக்கு இது மிகவும் பொருந்துகிறது. எல்இடி விளக்குக்கு ஏற்ற மின்சாரம் தரும் டிரைவரிலிருந்து வரும் மெல்லிய ஒயரையும் சுவரிலிருந்து வரும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரையும் சேர்த்து முறுக்கினால் மெல்லியது நழுவிவிடும். இதில் ஒவ்வொரு துளைக்கும் தனி வில் இருப்பதால் இந்தத் தொல்லை எழுவதில்லை. விளக்கை மாற்றும்போது நெம்புகோலைத் தூக்கினால் போதும், கனெக்டரை மறுபடியும் பயன்படுத்தலாம். மீட்டர் முனையை வைத்துச் சோதிக்கவும் துளை விட்டிருக்கிறார்கள்.

எல்லைகளும் உண்டு. இதன் அளவீடு 450 வோல்ட், 32 ஆம்பியர். ஒயர் 4 சதுர மில்லிமீட்டர் வரைதான். 6 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு அதே வரிசையில் பெரிய வகையைத் தனியாக வாங்க வேண்டும். இது செம்பு ஒயருக்கானது. பழைய கட்டடங்களில் அலுமினிய ஒயர் இருந்தால் இதைக் கொண்டு செம்போடு இணைக்கக் கூடாது. விலையும் கனெக்டர் பட்டையைவிடப் பல மடங்கு.

எனக்கு நிறைவளிக்காதது, இதைப் பொருத்தி வைக்கும் முறை. கனெக்டரில் திருகாணித் துளை எதுவும் இல்லை. அப்படியே விட்டால் ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஒயரின் பலத்தில்தான் தொங்கும். திருகிப் பொருத்தவும் மின்பெட்டிகளில் கருவிகளை மாட்டும் 35 மில்லிமீட்டர் உலோகப் பட்டையான டின் ரெயிலில் மாட்டவும் தாங்கிகளை நிறுவனமே தயாரிக்கிறது என்றாலும், அவற்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், சாதாரண எலக்ட்ரிக்கல் கடையில் எளிதில் அகப்படுவதும் இல்லை. தாங்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இணைப்பு பிறகு திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். சாந்து பூசி மூடிவிடும் இடத்துக்கு இதுவும் உகந்ததல்ல.

ஆரஞ்சு நெம்புகோல் வைத்த போலிகள் இணையத்தில் மலிவாக விற்கின்றன. வாங்கும்போது உடலில் நிறுவனத்தின் பெயரும் ஆம்பியர், வோல்ட் அளவுகளும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம்; வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும், உள்ளே இருக்கும் வில்லின் தரத்தைக் கடையில் நின்று யாராலும் சோதிக்க முடியாது.