நெல் ஏற்றும் சரக்கு ரயில்: 5க்கு 3 கொடுக்கிறேன், காரணம் இதோ

கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால் பணம் வங்கிக்கு வந்துவிடும், அப்புறம் அது ரயிலில் போனால் என்ன, லாரியில் போனால் என்ன என்று நானும் நினைத்திருந்தேன். இந்தக் குறுவையில்தான் புரிந்தது. எடை போட்டு அடுக்கிய மூட்டை வெளியே போனால்தான் அடுத்த மூட்டைக்கு இடம். அடுக்கு நிறைந்தால் தராசு நின்றுவிடும்.

எங்கள் பக்கத்து நிலையம் ஒன்றில் அப்படித்தான் நின்றது, ஐப்பசி மழையில் 11 நாள் காத்துக் கிடந்தேன். வெயில் அடித்தால் தார்ப்பாயைப் பிரித்துக் கிளறிவிடுவது, மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூடுவது, ராத்திரி அங்கேயே படுக்கை. ஒன்பதாம் நாள் குவியலுக்கு அடியில் கையை விட்டால் சூடாக இருந்தது, அள்ளிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக முளை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. மழையில் கிடக்கிற நெல் எப்படி 17-ல் நிற்கும்?

சரி, ரயிலுக்கு வருவோம். நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் முழு வண்டி ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? 42 வேகன், 2,000 டன். 40 கிலோ மூட்டையாகக் கணக்குப் போட்டால் 50,000 மூட்டை, 20 டன் லாரி என்றால் 100 நடை. பலகையில் கால் வைத்து, தோளில் மூட்டையோடு ஏறி இறங்கும் தொழிலாளர்கள்தான் இதை நடத்துகிறார்கள், அவர்களை மறந்து இந்தச் சேவையைப் பாராட்ட முடியாது. மூடிய வேகனில் ஏறிவிட்டால் தர்மபுரியோ வேலூரோ, அரவைக்குப் போய்ச் சேரும் வரை மழை பயம் இல்லை. சுமக்கும் திறனுக்கு முழு மதிப்பெண்.

மதிப்பெண் குறைவது நேரத்தில். வேகன் என்றைக்கு வரும் என்று எங்களிடம் சொல்ல ஆள் இல்லை. முன்பு ஆள் வைத்து அறுத்தபோது ஒரு ஊர் அறுவடை முடிய ஒரு மாதம் ஆகும், நெல்லும் மெல்ல மெல்ல வரும். இப்போது மெஷின் இறங்கினால் ஒரே வாரத்தில் வயலெல்லாம் காலி, எல்லா நெல்லும் ஒன்றாக வந்து நிற்கிறது. அந்த வாரத்தில் வண்டி தவறினால் நஷ்டம் முழுக்க விவசாயி தலையில்.

12-ஆம் நாள் வண்டி வந்தது. மதியத்துக்குள் லாரிகள் மூட்டைகளை ரயிலடிக்குக் கொண்டுபோய் அடுக்கைக் காலி செய்தன, சாயங்காலம் என் நெல் எடை ஏறியது, முளைத்துப்போன 2 மூட்டை நீங்கலாக.

தையில் சம்பா அறுப்பு. அதற்கு முன்னால் வண்டி வரும் தேதிகளை எழுதி, ஒவ்வொரு நிலையத்து வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள். தேதி தெரிந்தால் அதைப் பார்த்து மெஷினுக்குச் சொல்லிக்கொள்வோம்.