பழைய எஸ்யூவியைக் குடுத்துட்டுப் புதுசு எடுக்கப் போறீங்களா? ரோடு டாக்ஸ் ரசீதை ஒருதடவை வகுத்துப் பாருங்க

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்ச் போட்டுப் புது எஸ்யூவி எடுக்க நினைக்கிறவங்க இதை வாசிச்சுட்டு ஷோரூமுக்குப் போங்க. ஷோரூம் பேரோ கம்பெனி பேரோ நான் சொல்லப்போறதில்ல, கேஸ் குடுத்திருக்கேன். பழைய வண்டி என்ன மாடல்னு சொன்னாலே நம்ம ஊர்ல பாதிப்பேர் கண்டுபிடிச்சிடுவாங்க. அதனால அதையும் விட்டுடுறேன்.

2013 மாடல் டீசல் வண்டி. பதினோரு வருஷத்துல நடுரோட்டுல நின்னதா ஒரு நாளும் கிடையாது. பேச்சிப்பாறை ஏத்தம், ஆரல்வாய்மொழி காத்து, மழைக்காலத்துல குளமா நிக்கிற எங்க தெரு, எல்லாத்தையும் பாத்த வண்டி. வீட்டுக்காரர் ஷார்ஜாவுல. இங்க ஓட்டுறது நான்தான், ஆர்சியும் என் பேர்லதான். மாத்தணும்னு தோணினதுக்கு ஒரே காரணம் கடைசி சீட்டு. அதுல ரெண்டு பெஞ்சு எதிரெதிரா, பக்கவாட்டுல இருக்கும். பெல்ட் கிடையாது. பிள்ளைங்களுக்கு அந்த எடம்தான் பிடிக்கும், முட்டியும் முட்டியும் இடிச்சிட்டு விளையாடிட்டே வருவாங்க. சின்ன வயசுல நாமளும் ஜீப்புல அப்படித்தான் போனோம்னு நானும் கண்டுக்காம இருந்தேன்.

2022 செப்டம்பர்ல சைரஸ் மிஸ்திரி மும்பைக்குப் போற வழியில விபத்துல இறந்தப்ப, பின் சீட்டுல பெல்ட் போடலைங்கற விஷயம் எல்லாப் பேப்பர்லயும் வந்துது. அன்னைக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் வந்துது, பெறவு போகவே இல்ல. எங்க வண்டியில ஏர்பேக்கும் இல்ல. டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையிலதான்.

பதினோரு வருஷமா வண்டியைப் பாக்குற மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். "எஞ்சின் இன்னும் ஒரு லெச்சம் கிலோமீட்டர் ஓடும் பிள்ளே, அதுக்கு ஒரு கேடும் இல்ல. ஆனா பொறவுல பிள்ளியள இருத்திட்டுப் போறது எனக்குப் பிடிக்கல்ல"ன்னாரு. மாமாவுக்கு மனசே இல்ல. "பால் கறக்குத பசுவ எதுக்கு மக்ளே சந்தைக்குக் கொண்டு போற?" இப்ப யோசிச்சா ரெண்டுபேர் சொன்னதும் சரிதான்.

ஷோரூம்ல ஒரு பையன். ரொம்ப மரியாதை, ரெண்டு வார்த்தைக்கு ஒரு அக்கா. முதல் நாளே ஒரு குண்டு போட்டான். "பத்து வருஷம் தாண்டுன டீசல இனி ஓட்டவே விடமாட்டான் அக்கா, இப்பம் குடுத்தாதான் வெல கிடைக்கும்." நானும் நம்பிட்டேன். பத்து வருஷ டீசல் தடை டெல்லிச் சுற்றுவட்டாரத்துக்குப் போட்டது. நம்ம ஊர்ல சொந்த உபயோக வண்டிக்குப் பதினஞ்சு வருஷம் ஆர்சி உண்டு, அதுக்கப்புறம் வண்டியைக் காட்டிப் புதுப்பிச்சுக்கலாம். இதை நான் தெரிஞ்சுக்கிட்டது வண்டியைக் குடுத்து ரெண்டு மாசம் கழிச்சு.

டெஸ்ட் டிரைவுக்கு டாப் மாடலைக் குடுத்தாங்க. ஆரல்வாய்மொழி ரோட்டுல முன்னால போன பஸ் சட்டுனு நின்னுது. என் கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள வண்டி தானா பிரேக் பிடிச்சுது. மாமா முன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு "எம்மோ"ன்னுட்டாரு. கண்ணாடிக்குப் பின்னால ஒரு கேமரா, முன் கிரில்லுக்குள்ள ஒரு ரேடார், ரெண்டும் சேந்து பாத்து நிறுத்துதாம். அந்த ஒரு நிமிஷத்துல நான் விழுந்துட்டேன்னு வைங்க. (வண்டி கோட்டை விட்டு விலகாமப் பாத்துக்குற லேன் அசிஸ்ட்டையும் பெருசாக் காட்டுனாங்க. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவுல லேன் கோடு எங்க இருக்குன்னு கேமராவுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா?)

கொட்டேஷன்: டாப் மாடல், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ஆன்ரோடு 23,85,000. தள்ளுபடி 1,65,000. கட்ட வேண்டியது 22,20,000. பழைய வண்டிக்கு 3,10,000, அதையும் இதுல கழிச்சுக்கலாம். தள்ளுபடி கொஞ்சம் அதிகமாத்தான் பட்டுது. மாசக் கடைசி, டார்கெட்டுன்னான். வாத்திச்சி புத்திக்கு அதுவும் சரியாப் பட்டுது.

புக் பண்ணி மூணு வாரம் கழிச்சு அவன் ஷார்ஜாவுக்கு வாட்ஸ்அப்ல கூப்பிட்டிருக்கான். "அண்ணே, டாப்புக்கு மூணு மாசம் வெயிட்டிங். அதுக்கு ஒரு படி கீழ ஒண்ணு ரெடியா நிக்குது. பேர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம், மத்ததெல்லாம் ஒண்ணுதான். அக்காகிட்ட சொல்லியாச்சு." இவரு, அவதான ஓட்டப்போறா, அவளுக்குச் சம்மதம்னா சரின்னுட்டாரு. அடுத்த ஃபோன் எனக்கு. "அக்கா, வண்டி வந்தாச்சு, அண்ணன்கிட்டயும் பேசிட்டேன், ஓகே சொல்லிட்டாரு." எதுக்கு ஓகே சொன்னாருன்னு நான் கேக்கல. வண்டி வந்த சந்தோஷம். புருஷன் வெளிநாட்டுல இருக்குற வீடுகள்ல இது நல்லா வேலை செய்யுற தந்திரம்னு பின்னால ரெண்டு மூணு பேர் சொன்னாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டுபேரும் ஒரே ஃபோன்கால்ல இருந்து பேசுங்க, இல்லன்னா எல்லாத்தையும் எழுத்துல கேளுங்க.

டெலிவரி அன்னைக்குப் பதினொண்ணரைக்குள்ள வண்டியை எடுக்கணும்னு மாமா நேரம் குறிச்சிருந்தாரு. பத்தே முக்கால் வரைக்கும் சும்மா உக்கார வச்சாங்க. அப்புறம் ஒரேயடியா அவசரம். ஒரு கட்டுப் பேப்பர். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இதுல முழு பேரு." பதினொரு கையெழுத்து போட்டேன், எண்ணினேன். வாசிக்கத்தான் இல்ல. வெளிய துணி மூடின வண்டி, கேக்கு, அட்டையில செஞ்ச ஆளுயரச் சாவி, ஃபோட்டோகிராபர். துணியை இழுத்தோம், கைதட்டுனாங்க. சுத்தியும் காட்டுற கேமரா ஏன் வரலன்னு கேட்டேன். "அது சாஃப்ட்வேர் அக்கா, ஃபர்ஸ்ட் சர்வீஸ்ல ஏத்தித் தருவோம்." ஸ்டியரிங்ல டெஸ்ட் வண்டியில பாத்த பட்டன் இருந்த எடத்துல கறுப்பா ஒரு பிளாஸ்டிக் மூடி. அதுக்கும் அதே பதில்.

ஃபர்ஸ்ட் சர்வீஸுக்குப் போனப்ப ஏத்துங்கன்னேன். சர்வீஸ்ல நின்ன பையன் வண்டியை ஒரு சுத்து சுத்திட்டு, பாவம், மெதுவாச் சொன்னான். "அக்கா, இதுல ரேடாரே கிடையாது. இல்லாத சாமானுக்கு எங்கேருந்து சாஃப்ட்வேர் ஏத்துறது?" கிரில்லுக்கு நடுவுலயும் ஒரு மூடி. முன் கண்ணாடியில கேமரா வர்ற எடம் காலி.

ராத்திரி ஃபைலை எடுத்து மேசையில பரத்துனேன். இன்வாய்ஸ்ல மாடல் பேரு குறியீடு குறியீடா இருந்துது, ஒண்ணும் விளங்கல. கையில கிடைச்சது ரோடு டாக்ஸ் ரசீது. 3,15,000. 2023 நவம்பர்ல கூட்டினதுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல பத்துலேருந்து இருபது லட்சம் வரைக்குமான வண்டிக்கு 18 சதவீதம் ஆயுள் வரி. நான் எட்டாம் கிளாஸுக்குக் கணக்கு எடுக்குறவ. 3,15,000-ஐ 18-ஆல வகுத்து நூறால பெருக்கினா 17,50,000. டாப் மாடலோட ஷோரூம் விலை 19,40,000. அதுக்கு வரி 3,49,200 வரணும்.

உக்காந்து மிச்சத்தையும் போட்டேன். 17,50,000 வண்டி, 3,15,000 வரி, 17,500 டிசிஎஸ் (வண்டி வாங்கும்போதே பிடிக்கிற வருமான வரி, இது வருமான வரிக் கணக்குல திரும்பக் கேக்கலாம், அதைக்கூட யாரும் சொல்லல), இன்சூரன்ஸ் எழுபத்திரண்டாயிரம். மொத்தம் இருபத்தொன்னரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. மீதி அறுபத்தஞ்சாயிரத்துக்கு ஹேண்ட்லிங் சார்ஜு, நான் கேக்காத சீட் கவர், எக்ஸ்ட்ரா வாரண்டி. கூட்டினா 22,20,000. தள்ளுபடின்னு ஒண்ணு இல்லவே இல்ல. கீழ் மாடலை முழு விலைக்கு வித்துட்டு, மேல் மாடல்ல தள்ளுபடி குடுத்தேன்னு கணக்குக் காட்டியிருக்காங்க.

இன்சூரன்ஸ்லயும் ஒரு அடி. அஞ்சு வருஷத்துக்கு மேல நான் கிளெய்ம் பண்ணினதே இல்ல, எனக்கு 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருந்துது. அது வண்டிக்குச் சேந்தது இல்ல, ஓனருக்குச் சேந்தது. பழைய கம்பெனியில ஒரு கடிதம் வாங்கிக் குடுத்தா புது வண்டியோட சொந்தச் சேதப் பிரீமியத்துல (நம்ம வண்டிக்கு வர்ற சேதத்துக்குக் கட்டுறது) பாதி குறையும். அவங்க கேக்கல, எனக்குத் தெரியல. பதினஞ்சாயிரத்துக்கு மேல போச்சு. இன்சூரன்ஸ் ஷோரூம்லதான் எடுக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. இதையும் பெறவுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இதெல்லாம் பணம். என்னைத் தூங்க விடாதது வேற ஒண்ணு. வண்டியைக் குடுத்து மூணாம் மாசம் என் ஃபோனுக்குக் கேரளா மோட்டார் வாகனத் துறையிலேருந்து ஒரு மெசேஜ். நெய்யாற்றின்கரைப் பக்கம் கேமராவுல என் பழைய வண்டி மாட்டியிருக்கு, டிரைவர் சீட் பெல்ட் போடல, 500 ரூபா அபராதம். படத்துல யாரோ ஒரு மீசைக்காரர். பெல்ட்டுக்காக வண்டியை மாத்தினவ நான், பெல்ட் போடாததுக்கு அபராதமும் எனக்கே. சிரிக்கிறதா அழுறதா. ஆர்சி இன்னும் என் பேர்லதான் இருக்கு. டைனிங் டேபிள்ல வச்சு வெத்து ஃபார்ம் 29, 30-ல (ஆர்சியைப் பேர் மாத்துற ஃபார்ம்) கையெழுத்து வாங்கிட்டுப் போனவங்க வண்டியை ஒரு புரோக்கருக்குத் தள்ளிட்டாங்க, அவரு களியக்காவிளை எல்லை தாண்டி வித்துட்டாரு.

அந்த மீசைக்காரர் யாரையாவது இடிச்சிருந்தா? ஆர்சியில யார் பேரு இருக்கோ அவங்கதான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. வித்துட்டேன்னு சொல்லித் தப்ப முடியாது. தயவுசெஞ்சு இதை மட்டும் விட்டுடாதீங்க. 2023 ஏப்ரல்லேருந்து, பழைய வண்டி வாங்குற அங்கீகாரம் பெற்ற டீலர்கிட்ட குடுத்தா ஃபார்ம் 29சி-ல வண்டி கைமாறினதை ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கலாம், அதுலேருந்து பொறுப்பு டீலருக்கு. டீலர் அதைச் செய்யாம வெத்து ஃபார்ம் நீட்டினா வண்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடுங்க.

ஷோரூம் மேனேஜர்கிட்ட கொட்டேஷனையும் ரசீதையும் கொண்டுபோய் வச்சேன். "சாரோட ஒப்புதல் இருக்கு மேடம்"னாரு. எழுத்துல காட்டுங்கன்னேன். காட்டல. 1915-ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் குடுத்தப்புறம் இருபத்தஞ்சாயிரத்துக்கு ஆக்சஸரீஸ் கூப்பன் தர்றோம்னாங்க. இன்னும் சீட் கவர் வச்சு நான் என்ன செய்ய? ஆர்சியை மாத்துற வேலை மட்டும், வக்கீல் நோட்டீஸ் போன ஒரே வாரத்துல நடந்துது. அந்த 500 ரூபாயை நானே கட்டிட்டேன்.

வண்டியைத் திருப்பிக் குடுக்கலையான்னு கேக்குறாங்க. இல்ல. ஆறு ஏர்பேக் இருக்கு, மூணாவது வரிசையில பிள்ளைங்க முன்னாலப் பாத்து உக்காருறாங்க, ஒவ்வொருத்தருக்கும் மூணு முனை பெல்ட். எனக்கு உண்மையில வேண்டியிருந்தது இதுதான், கீழ் மாடல்லயே இருந்துது. மோதல் சோதனையில குடுக்குற ஸ்டார் ரேட்டிங் பாக்கும்போதும் இதை யோசிச்சுக்குங்க: மோதினா உள்ள இருக்கவங்க என்ன ஆவாங்கங்கறது ஒண்ணு, மோதாம நிறுத்துறது வேற ஒண்ணு. அவங்க நேர்மையா "அக்கா, ரேடார் இல்லாத மாடல் இது, விலை இவ்வளவு"ன்னு சொல்லியிருந்தா ஒருவேளை நானே இதைத்தான் எடுத்திருப்பேன். எங்கிட்ட கேட்டிருக்கணும்ல?

ஆன்லைன்ல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டாச்சு. நான் கட்டினது இருபது லட்சத்துக்கு மேல, அதனால ஃபீஸ் 1000 ரூபா. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். கொட்டேஷன், புக்கிங் ரசீது, வாட்ஸ்அப்ல அவன் "ஓகே அக்கா"ன்னு போட்டது, டெஸ்ட் டிரைவ்ல மாமா எடுத்த வீடியோ எல்லாம் சேத்திருக்கேன். வீடியோவுல "எம்மோ" சத்தம் நல்லாவே கேக்குது. அடுத்த வாய்தாவுக்கு ஹெட்மாஸ்டர்கிட்ட லீவு சொல்லியாச்சு, மாமாவும் கூட வர்றேன்னு நிக்குறாரு.