ஓவுலேஷன் ஸ்ட்ரிப்: வேலை செய்யும், ஆனால் 5 போதாது

மெடிக்கல் ஷாப்பில் 5 ஸ்ட்ரிப் கொண்ட பாக்கெட்டாக விற்கும், கருமுட்டை வெளிவரும் நாளைக் கணிக்கும் ஓவுலேஷன் கிட் பார்ப்பது எல்ஹெச் என்ற ஒரே ஹார்மோனைத்தான். முட்டை முற்றும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறும். அந்த ஏற்றத்தில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச்சைக் கொட்டும். சிறுநீரில் அது திடீரென ஏறித் தெரிந்தால், பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும்.

தவறு அதிகம் நடப்பது கோட்டைப் படிப்பதில். கர்ப்பம் பார்க்கும் கார்டில் மங்கலான கோடும் பாசிட்டிவ். இதில் அப்படியில்லை. எல்ஹெச் எப்போதுமே கொஞ்சம் இருக்கும் என்பதால் மங்கல் கோடு வரத்தான் செய்யும். டெஸ்ட் கோடு, ஸ்ட்ரிப் சரியாக வேலை செய்வதைக் காட்டும் கன்ட்ரோல் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால்தான் கணக்கு. குறித்த நேரத்தில், பொதுவாக 5 நிமிடத்தில், பார்த்துவிட வேண்டும். காய்ந்தபின் அடர்ந்து தெரியும் கோட்டை நம்பக் கூடாது. கன்ட்ரோல் கோடே வராவிட்டால் அந்த ஸ்ட்ரிப் குப்பைக்கு.

காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் வேண்டாம். எல்ஹெச் பலருக்கு விடியலில் ஏறி, சில மணி நேரம் கழித்தே சிறுநீரில் இறங்கும். மதியத்திலிருந்து இரவு எட்டு மணிக்குள், தினமும் ஒரே நேரம் நல்லது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீரை மொண்டு குடித்தால் சிறுநீர் நீர்த்து, கோடு ஏமாற்றும்.

எப்போது தொடங்குவது? மாதவிடாய்ச் சுழற்சி நாள்களிலிருந்து 17-ஐக் கழியுங்கள். 28 நாள் என்றால் 11-ஆம் நாள், 32 என்றால் 15. பீரியட்ஸ் முன்பின் தள்ளுபவர்கள் மிகக் குறுகிய சுழற்சியை வைத்துக் கணக்கிட வேண்டும். அப்போது எல்ஹெச் உச்சம் வருமுன்பே 5 ஸ்ட்ரிப்பும் தீர்ந்துவிடலாம். இந்தப் பாக்கெட்டின் பெரிய குறை இதுதான். 10-க்குக் குறையாமல், ஒரே பிராண்டாக வாங்குங்கள். எந்த அளவில் கோடு அடரும் என்பது பிராண்டுக்கு பிராண்ட் மாறலாம்.

பிசிஓடி (ஹார்மோன் குழப்பத்தால் முட்டை சீராக வெளிவராத சினைப்பைக் கோளாறு) உள்ளவர்களுக்குப் பணத்தை இதில் போடச் சொல்ல மாட்டோம். எல்ஹெச் எப்போதும் உயர்ந்தே இருந்தால் நாளுக்கு நாள் பாசிட்டிவ் காட்டும், முட்டை வந்திருக்காது. அவர்களுக்கு, முட்டை வளர்வதை நேரில் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன்தான் சரி. முட்டையை வெளிவரச் செய்யும் ஹெச்சிஜி ஊசி போட்டவர்களுக்கும் பொய் பாசிட்டிவ் வரலாம்.

மற்றவர்களுக்கும் ஸ்ட்ரிப் சொல்வது, முட்டையை வெளிவிடச் சொல்லும் கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே. முட்டை வெளிவந்ததா என்பதை அல்ல. அதற்கு, பாசிட்டிவ் வந்து சுமார் ஒரு வாரம் கழித்து முட்டை வெளிவந்தபின் ஏறும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை ரத்தத்தில் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வந்ததாகக் கொள்ளலாம்.